கிழங்கு மணம்

சீனித் தொழிற்சாலையில் வேலை கிடைத்துவிட்டது என்று சொன்னதும், "இனி உனக்கென்ன, எந்நாளும் இனிப்புத்தான்" என்று சொந்தக்காரர்கள் ஆளுக்காள் பகிடி பண்ணினார்கள். ஒருவருக்கும் அந்த மணம் தெரியாது.

இங்கே சுவிஸில் சீனி கரும்பிலிருந்து வருவதில்லை. வெள்ளையாக, தேங்காயளவில் ஒரு கிழங்கு. இலையுதிர் காலத்தில் லொறியிலும் ரயிலிலும் மண்ணோடு வந்து குவியும். அதைக் கழுவி, கீலம் கீலமாகச் சீவி, சுடுநீரில் விட்டால் இனிப்பெல்லாம் தண்ணீருக்கு இறங்கிவிடும். அந்தக் கலங்கல் சாற்றில் சுண்ணாம்புப் பாலை ஊற்றி அழுக்கைப் படியவைத்து வடிப்பார்கள். பிறகு பாகாகும்வரை காய்ச்சி, மணி கட்டியதும் பெரிய உருளையில் போட்டுச் சுழற்ற, பாகு பிரிந்து வெள்ளைச் சீனி மிஞ்சும். சீனிக்கு ஒரு மணமும் இல்லை. மணமெல்லாம் எங்களுக்குத்தான். அவித்த மண்ணும் ஈர வைக்கோலும் கருகிய பாகும் சேர்ந்த மாதிரி ஒன்று. கிழங்கு கிடந்தால் கெட்டுவிடும் என்பதால் பருவம் முடியும்வரை இயந்திரங்கள் நிற்பதில்லை. மணமும் நிற்பதில்லை.

என் முதல் பருவத்தில்தான் மனைவி கருவுற்றாள். அதற்கு முன் ஒரு கரு தங்காமல் போயிருந்தது. ஆகவே இருவரும் மூச்சுவிடவும் பயந்துகொண்டிருந்தோம். நான் கதவைத் திறந்தால் போதும், வாயைப் பொத்திக்கொண்டு குளியலறைக்கு ஓடுவாள்.

"கிட்ட வராதேங்கோ. உங்களிலை கோவமில்லை. உந்த மணம் வயித்தைப் புரட்டுது" என்று அழுவாள்.

குடித்த கஞ்சியும் தங்கவில்லை. இப்படியே மெலிந்துகொண்டு போனால் ஆஸ்பத்திரியில்தான் வைக்கவேண்டும் என்றார் டொக்டர்.

நான் தொழிற்சாலையிலேயே குளித்து, உடுப்பு மாற்றிக்கொண்டு வந்து பார்த்தேன். ஆனால் வேலைச் சட்டைகளைத் தோய்க்க வீட்டுக்குத்தானே கொண்டுவரவேண்டும்? எங்கள் மாடிக்கட்டடத்தில் தோய்க்கும் அறை கீழே நிலவறையில். ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு கிழமைக்கு ஒரு நாள்தான் முறை. கையால் தோய்க்கலாமென்றால், அவள் சத்தியெடுக்க ஓடுவதும் அதே குளியலறைக்குத்தான். வேலையை விட்டுவிடுவோமா என்று யோசித்தேன். அப்போது எனக்கு வேறு வேலை இருக்கவில்லை.

இதற்கிடையில் கீழ்வீட்டில் தனியாக இருந்த சுவிஸ் அம்மா வேறு. நான் வேலை முடிந்து படியேறும்போதெல்லாம் அவர் கதவு கொஞ்சம் திறக்கும். மூச்சை இழுத்துவிட்டு, முகத்தில் ஒரு சிரிப்புமில்லாமல் வணக்கம் சொல்லிக் கதவைச் சாத்துவார். மிளகாய் பொரிக்கும் நாளில் அயலவருக்குப் பயந்து யன்னலெல்லாம் திறந்துவைத்துப் பழகிய ஆட்கள் நாங்கள். இவர் கட்டாயம் முறைப்பாடு கொடுக்கப் போகிறார் என்றே நினைத்தோம்.

ஒரு பின்னேரம் மணி அடித்தது. அவர்தான். எனக்குத் தெரிந்த கொஞ்ச டொச் மொழியில் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"மனுசிக்கு வயித்திலை பிள்ளையோ? நீங்கள் வந்தவுடனை சத்தியெடுக்கிற சத்தம் கேக்குது" என்று அவர் பாசையில் கேட்டார்.

"ஓம்."

கையை நீட்டினார். உள்ளங்கையில் தோய்க்கும் அறைப் பூட்டின் திறப்பு. "என்ரை செவ்வாய்க்கிழமையை நீங்கள் எடுங்கோ. உடுப்பை நிலவறையிலை இருக்கிற என்ரை சாமான் அறையிலை விட்டால், ஒண்டும் மேலை வரத் தேவையில்லை."

இந்த நாட்டில் காரைக் கேட்டாலும் தருவார்கள், தோய்க்கும் நாளைத் தரமாட்டார்கள். மணத்துக்கு மன்னிக்கவேண்டும் என்று மட்டும் ஒருமாதிரிச் சொன்னேன்.

"ஏன் மன்னிப்பு? என்ரை அப்பாவும் அங்கைதான் வேலை செய்தவர். நீங்கள் படியேறேக்கை அவர் வாற மாதிரி இருக்கும். அதுக்குத்தான் கதவைத் திறக்கிறனான்."

எனக்குப் பின்னால் நின்ற மனைவி விம்மி அழுதாள்.

எங்கள் முறை வராத கிழமையில் அவருடைய செவ்வாய் வரும். ஒரு சட்டைகூட மேலே ஏறவில்லை. மெல்ல மெல்லக் கஞ்சி தங்கியது, பிறகு சோறு தங்கியது. கோடையில் மகள் பிறந்தாள். அந்த அம்மாவை நினைத்துக் கும்பிடாத நாள் எங்கள் வீட்டில் இல்லை.

இப்போது மகள் பள்ளிக்கூடம் போகிறாள். நான் அதே தொழிற்சாலையில்தான். ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் கிழங்கு வரத் தொடங்கும் முதல் நாள் மனைவி சொல்லியனுப்புவாள்: "இண்டைக்குக் குளிக்காமல் வாங்கோ."

வேலை உடுப்போடேயே வந்து மெதுவாகப் படியேறுவேன். கீழ்வீட்டுக் கதவு திறக்கும். இப்போது அவர் கைத்தடியோடு நிற்கிறார். கண்ணை மூடி மூச்சை இழுத்து, "வந்திட்டியளோ?" என்று கேட்பார்.

அந்தக் கேள்வி எனக்கில்லை என்று தெரியும். ஆனாலும் சொல்வேன்: "ஓம், வந்திட்டன்."