சாம்பிராணிப் புகையும் என் ஒளுவும்

முதல் அறிகுறி ஒரு தும்மல்.

வெள்ளிக்கிழமை மதியம். ஆண்கள் ஜும்ஆவுக்குப் பள்ளிவாசல் போயிருந்தார்கள். தெருப் பெண்கள் வழக்கம்போல எங்கள் வீட்டுக் கூடத்தில் தொழக் கூடியிருந்தார்கள். நாத்தனார் ஜைனப் சாம்பிராணி போட்டிருந்தாள். அவள் போட்டால் பக்கத்தில் இருப்பவர் முகம் தெரியாது. ஸஜ்தாவில் (நெற்றி தரையில் படக் குனியும் நிலை) இருந்தபோது புகை மூக்கில் ஏறித் தும்மினேன். தொடையில் வெதுவெதுவென்று ஈரம் இறங்கியது.

எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. மூன்று பிள்ளைகள், மூன்றும் சுகப்பிரசவம். சிறுநீர் ஒரு சொட்டு வந்தாலும் ஒளு (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவிச் சுத்தமாவது) முறிந்துவிடும். ஒளு இல்லையென்றால் தொழுகை இல்லை. எழுந்து பின்கட்டுக்குப் போனேன். கேட்டவர்களிடம் மூட்டுவலி என்றேன். மூட்டுவலியைப் பற்றி நாலு பேரிடம் பேசலாம். இதை யாரிடம் பேசுவது?

மாமியார் காலத்திலிருந்து அந்த வெள்ளிக்கிழமைக் கூட்டம் எங்கள் வீட்டில்தான் நடக்கும். அவர் மறைந்த பிறகு, தொழுகை முடிந்ததும் யாசீன் (குர்ஆனின் ஓர் அத்தியாயம்) ஓதுவது நான். பள்ளிக்கூடப் படிப்பு பாதியில் நின்ற எனக்கு இந்த ஊரில் இருந்த ஒரே பதவி அதுதான். அது என் கையை விட்டுப் போய்விடுமோ என்ற பயம் அன்றைக்குத் தொடங்கியது.

அடுத்தடுத்த மாதங்களில் இருமினால், சிரித்தால், குடத்தைத் தூக்கினால் கசிந்தது. பழைய சேலையைக் கிழித்து மடித்து வைத்துக்கொண்டேன். கறுப்புப் புர்கா ஈரத்தைக் காட்டிக்கொடுக்காது. அதற்காகவே அது எனக்குப் பிடித்துப்போனது. எந்தச் சொந்தக்காரர் வீட்டில் கழிப்பறை வாசலுக்குப் பக்கம், எந்த வீட்டில் மாடியில் என்பதெல்லாம் மனப்பாடம். மாடியில் இருக்கும் வீட்டுக்குப் போவதையே விட்டுவிட்டேன்.

பிறகுதான் எனக்கு அந்தப் பிரமாதமான யோசனை தோன்றியது. தண்ணீர் குடித்தால்தானே வரும்? திங்களும் வியாழனும் நோன்பு வைக்கத் தொடங்கினேன். வெளியே போக வேண்டிய வேலைகளை எல்லாம் அந்த இரண்டு நாட்களில் வைத்துக்கொண்டேன். நோன்பில்லாத நாளிலும் தொண்டை நனைய ஒரு வாய், அவ்வளவுதான். தேநீரை மட்டும் விடவில்லை. ஜைனப் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள், மச்சிக்கு (எங்களில் அண்ணன் மனைவி) ஈமான் (இறைநம்பிக்கை) கூடிப்போச்சு என்று. பெண்கள் என்னிடம் துஆ (பிரார்த்தனை) செய்யச் சொல்லிக் கேட்டார்கள். என் பக்தியை நடத்திக்கொண்டிருந்தது என் மூத்திரப்பை என்று எப்படிச் சொல்வது?

நிலைமை தேறவில்லை, மோசமானது. வீட்டுப் பூட்டில் சாவியை நுழைக்கும்போதே அவசரம் முட்டும். கதவு திறப்பதற்குள் நனைந்திருப்பேன். போகும்போது எரிச்சல் வேறு. வெள்ளிக்கிழமைகளில் அடுப்படியிலேயே இருந்துகொண்டேன். கொஞ்ச நாளைக்கு நான் ஓதட்டுமா என்று பக்கத்து வீட்டுக் கதீஜா நல்ல மனசோடுதான் கேட்டாள். சரி என்றேன். கூடத்தில் அவள் குரல் கேட்க, அடுப்படியில் நின்று அழுதேன்.

ஒரு வியாழக்கிழமை, கனகசெட்டிக்குளத்தில் என் வீட்டுக்காரரின் நண்பர் கட்டிய புது வீட்டைப் பார்த்துவிட்டுப் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். நான் நோன்பு. பிள்ளைச்சாவடி தாண்டி டிரைவர் ஒரு பிரேக் போட்டார் பாருங்கள், அத்தனையும் போய்விட்டது. இருக்கை நனைந்தது. இறங்கும்போது எல்லாரும் பார்ப்பார்களே என்று கண்ணை மூடிக்கொண்டேன். அப்போது மடியில் சில்லென்று தண்ணீர் கொட்டியது. என் வீட்டுக்காரர் கையில் காலி பாட்டில்.

“அடச்சே, மூடிய சரியா போடல பாரு” என்றார், பஸ்ஸுக்கே கேட்கும்படி. தன் ஜவுளிக்கடை வியாபாரத்தில்கூடக் குரல் உயர்த்தாத மனிதர். கண்டக்டர் வந்து திட்டினார். தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அவருக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன்.

“நீ துணி காயப்போடற எடத்த மாத்தினதுலேர்ந்து” என்றார். “டாக்டர்கிட்ட போறோம். கோவம் பண்ணாத.”

மருத்துவமனையில் பெண்கள் நோய்ப் பிரிவின் நடைவழி நீளமாக இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் என் வயது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. டாக்டரம்மா சொல்தா வீட்டுப் பெண். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். நர்ஸிடம் பிரெஞ்சில் இரண்டு வார்த்தை, என்னிடம் நல்ல தமிழ். சிறுநீரில் கிருமி இருக்கிறதா, ரத்தத்தில் சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்தார்கள். இரண்டும் இல்லை. படுக்கவைத்து இருமச் சொன்னார். இருமினேன். கசிந்தது. அவர் முகம் சுளிக்கவில்லை என்பதை இன்றைக்கும் மறக்கவில்லை.

எனக்கு இருந்தது இரண்டும் கலந்த வகை. ஒன்று அழுத்தக் கசிவு (இருமல், தும்மலில் வயிறு அழுத்தும்போது ஒழுகுவது). இன்னொன்று அவசரக் கசிவு (பை நிறையும் முன்பே அது சுருங்கி முட்டுவது). மூத்திரப்பையையும் கருப்பையையும் அடியிலிருந்து தாங்குவது இடுப்புத்தளத் தசை. பிள்ளைப்பேற்றில் அது தொட்டில் துணிபோலத் தொய்ந்துபோகிறது. மாதவிலக்கு நிற்கும் வயதில் இன்னும் தளர்கிறது.

தண்ணீர் எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று கேட்டார். நோன்பைப் பற்றிப் பெருமையாகச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்தார்.

“நோன்பு உங்களுக்கும் அல்லாவுக்கும் நடுவுல. அதுல நான் வரமாட்டேன். ஆனா நீங்க அல்லாவுக்காகவா பட்டினி கெடக்கறீங்க? மூத்திரப்பைக்குப் பயந்துல்ல கெடக்கறீங்க.”

எனக்குச் சுருக்கென்றது. உண்மை அதுதானே! தண்ணீர் குறைந்தால் சிறுநீர் கெட்டியாகிப் பையை உறுத்தும், உறுத்தினால் அவசரம் கூடும் என்று விளக்கினார். எரிச்சலும் அதனால்தான். தேநீரையும் குறைக்கச் சொன்னார். ரமலான் வந்தால் நோன்பு திறந்ததிலிருந்து சஹர் (விடியலுக்கு முந்தைய சாப்பாடு) வரை கொஞ்சம் கொஞ்சமாக நிறையக் குடித்தால் போதும் என்றார். பிறகு பயிற்சி. காற்றுப் பிரியாமல் அடக்குவதுபோல உள்ளே இறுக்கி, மேலே இழுத்து, நிறுத்தி, விட வேண்டும். சிறுநீர் கழிக்கும்போது செய்யக் கூடாது. மூச்சைப் பிடிக்கக் கூடாது. மறக்காமல் எப்படிச் செய்வது என்று கேட்டேன். டாக்டரம்மா சிரித்தார்.

“அஞ்சு வேள பாங்கு சொல்றாங்களே! உங்களவிட நல்ல அலாரம் யாருக்கும்மா இருக்கு?”

அன்றிலிருந்து பள்ளிவாசலில் பாங்கு கேட்டதும் ஒரு பயிற்சி, பிறகு ஒளு. முதல் சில வாரங்கள் ஒன்றும் நடக்கவில்லை. எல்லாம் ஏமாற்று வேலை என்று வீட்டுக்காரர்மீது எரிந்து விழுந்தேன். மறுபடி போய்க் காட்டியபோது, நான் இறுக்கியது வயிற்றையும் பல்லையும் என்று தெரிந்தது; இறுக்க வேண்டியது சும்மா இருந்திருக்கிறது. டாக்டரம்மா கையுறை போட்ட விரலால் சரியான தசையை உணர்த்தினார். கூச்சம்தான். அந்த ஐந்து நிமிடக் கூச்சம் ஆறு மாத அழுகையை மிச்சம் பிடித்தது.

அவசரத்துக்கு வேறு வைத்தியம். முட்டினால் ஓடக் கூடாது. நின்று, இறுக்கி, அலை அடங்கியதும் நடக்க வேண்டும். வாசலில் சாவியோடு சிலையாக நிற்பேன். வீட்டுக்காரரும் காய்கறிப் பையோடு பக்கத்தில் நிற்பார். ஒருமுறை தபால்காரர் எங்கள் இருவரையும் பார்த்து, உள்ளே பாம்பா என்று கேட்டார்.

நோன்பை ஏன் நிறுத்தினேன் என்று ஜைனப் குடைந்தாள். ஒருநாள் பட்டென்று சொல்லிவிட்டேன். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே, “எனக்கு ரெண்டாவது பொறந்ததுலேர்ந்து இருக்கு மச்சி” என்றாள். அடிப்பாவி! அடுத்த தடவை அவளையும் இழுத்துக்கொண்டு போனேன்.

துணிமடிப்பு மெலிந்து, ஒருநாள் இல்லாமலே போனது. அதற்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை வரிசையில் போய் நின்றேன். கதீஜா நகர்ந்து இடம் விட்டாள். ஜைனப் தன் வழக்கப்படி புகை போட்டிருந்தாள். ஸஜ்தாவுக்குப் போனேன். வந்தது இருமல், ஒன்றல்ல, குடலைப் பிடுங்குவதுபோல அடுக்கடுக்காக. என் உடம்பு நான் சொல்லாமலே இறுக்கிப் பிடித்தது. காத்திருந்தேன். ஒன்றும் இறங்கவில்லை. ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்ததும் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. சிரிப்புக்கும் கசியவில்லை. யாசீனைக் கையில் எடுத்தேன். அன்று நான் ஓதியது தெருமுனைவரை கேட்டதாம்.

இதைப் படிக்கும் உங்களுக்கும் இருந்தால், மூட்டுவலி என்று சொல்லாதீர்கள். ரத்தமோ வலியோ சேர்ந்திருந்தால் ஒரு நாளும் தள்ளாதீர்கள். பயிற்சியில் தீராதவர்களுக்கு மருந்தும் அறுவைசிகிச்சையும் இருக்கின்றன. எனக்கும் கடும் சளி பிடித்தால் ஒரு சொட்டு வரும். வரட்டும், மறுபடி ஒளு செய்துகொள்வேன்.

முன்பெல்லாம் ஒரு கழிப்பறைக்கும் அடுத்ததற்கும் நடுவில் எவ்வளவு நேரம் என்பதுதான் என் நாள். இப்போது ஒரு பாங்குக்கும் அடுத்ததற்கும் நடுவில் இருக்கும் பொழுது முழுக்க என்னுடையது. பாங்கு கேட்டால் எனக்கு முன்னால் என் உடம்பு எழுந்துகொள்கிறது.

போன மாதம் மறுபடி கனகசெட்டிக்குளம் போனோம். திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். வீட்டுக்காரர் பழக்கதோஷத்தில் தண்ணீர் பாட்டிலைக் கையிலேயே வைத்திருந்தார். பிள்ளைச்சாவடி வந்ததும் அதை வாங்கி, மூடியைத் திறந்து, மடமடவென்று குடித்தேன். அவருக்கு ஒரு வாய்கூட மிச்சம் வைக்கவில்லை.