அகராதி மொழிபெயர்த்த வரி

அலுவலகத்தில் அவளுக்கு அகராதி என்று பெயர். ஸ்பானிய மொழியில் எந்தச் சொல்லைக் கேட்டாலும் புரட்டிப் பார்க்காமல் பொருள் சொல்வாள் என்பது ஒரு காரணம். மேலாளர் முகத்துக்கு நேராகவே "இது தப்பு" என்று சொல்லிவிடுவாள் என்பது இன்னொரு காரணம். எந்த அர்த்தத்தில் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பாள். சலவை இயந்திரம், தையல் இயந்திரம் போன்றவற்றின் கையேடுகளை ஸ்பானிய மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றுவது அவள் வேலை.

கணவன் இருந்தான். வீட்டுக்கு விருந்தாளி, ஊருக்கு வள்ளல். வாரக்கணக்கில் காணாமல் போவான். போன இடம் கேட்டால் சிரிப்பான். திரும்பி வரும்போது மகளுக்குக் கைநிறைய பொம்மை, இவளுக்கு வாய்நிறைய தேன். ஒருநாள் அவன் பெட்டியை வாசலில் வைத்துவிட்டுப் பூட்டை மாற்றினாள். கதவுக்கு இந்தப் பக்கம் மகள் விழுந்து புரண்டு அழுதாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் அப்பா தெய்வம், அம்மா ராட்சசி.

அதற்குப் பிறகுதான், நடைபாதைப் பழைய புத்தகக் கடையில், ஒரு ஒல்லி ஸ்பானியப் புத்தகம் அவள் கையில் கிடைத்தது. எழுதியவள் எப்போதோ செத்துப்போன ஒரு கவிதாயினி. தொலைபேசி நிலையத்தில் அடுத்தவர் பேச்சை இணைத்துக் கொடுத்தே காலம் தள்ளியவள். அவள் எழுதியது ஒரே ஒரு தொகுதிதான். எல்லாமே வருவதும் போவதுமாக இருந்த ஒருவனுக்கு எழுதிய காதல் கவிதைகள். முதல் பக்கத்தை நின்றுகொண்டே படித்த அகராதிக்கு, தன் வீட்டுக் கதவு இடுக்கு வழியாக யாரோ பார்த்து எழுதிய மாதிரி இருந்தது.

வேலை முடிந்து வந்து, சமையலறை மேசையில் உட்கார்ந்து, வருடக்கணக்காக அதை ஆங்கிலத்தில் எழுதினாள். அடித்து அடித்து எழுதினாள். அதில் ஒரு கவிதை அவளைப் பாடாய்ப் படுத்தியது. போனவனுடைய சட்டைகளை ஒருத்தி ஜன்னல் வழியாகத் தெருவில் எறிகிறாள். எறிந்துவிட்டு ஒரு வரி சொல்கிறாள். அந்த வரியில் வரும் வினைச்சொல்லுக்கு ஸ்பானிய மொழியில் 'வேண்டும்' என்றும் பொருள், 'நேசிக்கிறேன்' என்றும் பொருள். இடம் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். அகராதிக்கு இடம் நன்றாகவே தெரியும். 'நீ எனக்குத் தொலைவில் வேண்டும்' என்று எழுதினாள். எழுதியதும் நெஞ்சில் அடைத்திருந்த ஏதோ ஒன்று இறங்கியது.

ஒரு பதிப்பகம் கேட்டு வாங்கிக்கொண்டது. "ரொம்பத் துல்லியம் மேடம்" என்றார் பதிப்பாசிரியர். "ஆனா கவிதைன்னா கொஞ்சம் கவிஞர் கை படணும். நம்ம பெரியவர்கிட்ட குடுத்து ஒரு மெருகு போட்டுடலாம். ரெண்டு பேர் பேரும் வரும்."

பெரியவர் ஆங்கிலத்தில் பேர்போன கவிஞர். ஸ்பானிய மொழியில் தண்ணீர் கேட்கக்கூடத் தெரியாது. இருந்தும் இவள் தலையாட்டினாள்.

புத்தகம் வந்தபோது அட்டையில் மொழிபெயர்ப்பாளராகப் பெரியவர் பெயர் மட்டும் இருந்தது. உள்ளே, கடைசிப் பக்கத்தில், உதவியவர்கள் வரிசையில், தட்டச்சு செய்தவருக்கு அடுத்ததாக இவள். அதைக்கூட விழுங்கியிருப்பாள். சட்டைக் கவிதையைப் புரட்டினாள். அதில் அந்தப் பெண் சட்டைகளை எறியவில்லை, ஜன்னலில் காயப்போடுகிறாள். காயப்போட்டுவிட்டு, 'தொலைவிலிருந்தும் உன்னை நேசிக்கிறேன்' என்கிறாள்.

பதிப்பாசிரியரைத் தொலைபேசியில் பிடித்தாள். "தலைகீழா மாத்தியிருக்காரு."

"மேடம், அந்த வரிக்காகத்தான் புத்தகமே போகுது."

"அவ அப்படிச் சொல்லல."

"செத்தவ வந்து கேக்கப்போறாளா?" என்று சிரித்தார் அவர்.

உண்மைதான். வரி காட்டுத்தீ மாதிரிப் பரவியது. வாழ்த்து அட்டையில் வந்தது, தேநீர்க் கோப்பையில் வந்தது, பேருந்தில் எதிரே உட்கார்ந்தவள் கைப்பையில் வந்தது. கடைசியில் மகளின் கல்யாண அழைப்பிதழிலும் வந்தது.

"உன் புத்தகத்துல இருந்துதான் எடுத்தேன்மா. உனக்குப் பிடிக்கும்னு" என்று மகள் நீட்டினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்து வருடங்கள் ஆகியிருந்தன.

வாயை மூடிக்கொண்டிருக்கலாம். அகராதிக்கு அது வராது. "அந்த வரி தப்புடி" என்றாள்.

வெளிச்சம் அணைந்தது. "உனக்கு எல்லாமே தப்புதாம்மா. அப்பாவும் தப்பு, இதுவும் தப்பு."

இவள் அழைப்பிதழை உறைக்குள் திரும்பச் செருகினாள்.

கல்யாணத்தன்று அப்பாதான் மேடையேறி அந்தக் கவிதையைப் படித்தான். நரைத்தாலும் குரல் மட்டும் அப்படியே இருந்தது. கடைசி வரியில் நிறுத்தி, கூட்டத்தில் இவளைத் தேடி, இவள் முகத்தைப் பார்த்துச் சொன்னான். முன்வரிசையில் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. மகள் ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டாள்.

இறங்கி வந்து இவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். "நமக்காகவே எழுதின மாதிரி இருக்குல்ல?"

"ஆமா" என்றாள். "நமக்காகவேதான்."

அவன் மனம் குளிர்ந்துபோய் இவள் கையைத் தட்டிக்கொடுத்தான். இவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. மகள் மேடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள், அன்று முதல் தடவையாக அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள்.

கொஞ்ச நாள் கழித்துப் பதிப்பாசிரியர் மறுபடி கூப்பிட்டார். கவிதாயினியின் தம்பி வீட்டில் அச்சேறாத கவிதைகள் ஒரு கட்டு கிடைத்திருக்கிறதாம். "நீங்க வழக்கம்போல நேர்மொழிபெயர்ப்பு மட்டும் பண்ணிக் குடுத்தா போதும் மேடம். மத்ததைப் பெரியவர் பாத்துப்பார்."

"இந்தத் தடவை அட்டையில என் பேர் வருமா?"

"பாக்கலாம் மேடம்."

'பார்க்கலாம்' என்பதற்கு எல்லா மொழியிலும் ஒரே பொருள்தான். அது தெரிந்தே ஒப்புக்கொண்டாள். மானம் ரோஷம் பார்த்திருக்கலாம். பார்த்திருந்தால், அந்தக் கவிதைகளை முதலில் தொடுகிறவள் வேறொருத்தியாக இருப்பாள். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.