விடாமல் துரத்திய யானை

நான் மாதனூரிலிருந்து ஆம்பூர் ஷூ கம்பெனிக்குத் தையல் வேலைக்குப் போகிறவள். அங்கே நான் தைப்பதைத் தரம் பார்ப்பவர் ஒருவர் இருக்கிறார். ஓர் இழை பிசிறினாலும் திருப்பி அனுப்பிவிடுவார். இருவருமே டோர்னமென்ட்களில் செஸ் ஆடுகிறவர்கள்தான், ஆனால் எதிரெதிரே உட்கார்ந்ததில்லை. போன வருஷம் வேலூரில், லாங் பஜாருக்குப் பக்கத்திலிருந்த மண்டபத்தில் நடந்த போட்டியின் கடைசிச் சுற்றில் அது வாய்த்தது.

"இன்னா மேடம், ஞாயித்துக்கெழமகூட என் மூஞ்சியப் பார்க்கணும்னு இருக்குதா?" என்று கை கொடுத்தார்.

பாதி ஆட்டத்தில் அவசரப்பட்டு ராணியைப் பறிகொடுத்தேன். மற்ற காய்களும் ஒவ்வொன்றாகப் போயின. கடைசியில் என்னிடம் மூலையில் ஒடுங்கிய ராஜா, முட்டிக்கொண்டு நின்ற இரண்டு சிப்பாய்கள், ஒரு யானை. தோல்வியை ஒத்துக்கொண்டு கை கொடுக்கப் போனபோதுதான் கவனித்தேன். ராஜாவும் சிப்பாய்களும் நகரவே முடியாது. யானையும் வெட்டுப்பட்டால் எனக்கு ஆட எதுவும் இருக்காது. ராஜாவுக்குச் செக்கும் இல்லை. விதிப்படி ஆட்டம் சமன்!

யானையை அவருடைய ராஜாவை ஒட்டிக் கொண்டுபோய் வைத்தேன். செக். வெட்ட வந்த அவர் கை அந்தரத்தில் நின்றது. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ராஜாவை நகர்த்தினார். யானை பின்னாலேயே போனது. மறுபடி நகர்ந்தார், மறுபடி போனது. ஆட்டம் முடிந்தவர்கள் எங்கள் மேசையைச் சுற்றி நின்றுவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு முட்டியது. நடுவர் பார்க்கிறாரே என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

அவர் கடிகாரத்தில் ஒரு நிமிஷம்கூட இல்லை; அதுவும் தீர்ந்தால் அவருக்குத் தோல்விதான். பெருமூச்சு விட்டு யானையை வெட்டினார். சமன். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள்.

"ஜெயிச்ச ஆட்டத்தக் கோட்டை விட்டுட்டேனே மேடம்! பேஜாராப் போச்சு," என்று தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் முகமெல்லாம் சிரிப்பு.

திரும்பும் பஸ்ஸில் பையிலிருந்து காந்தச் செஸ் பலகையை எடுத்தார். "இங்க உங்க ராஜாவுக்கு ஒரு கட்டம் வுட்டிருந்தா நீங்க காலி," என்று ஆடிக் காட்டினார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பள்ளிகொண்டாவில் தொடங்கிய வாதம் ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில்தான் நின்றது. மாதனூர் எப்போது போனதென்றே தெரியவில்லை.

வீட்டுக்காரருக்கு போன் போட்டேன். "எறங்க மறந்துட்டியா? அப்ப நல்லாத்தான் ஆடியிருக்க. நில்லு, வண்டி எடுத்துக்கினு வர்றேன்," என்றார்.