மோதிரம் இல்லாத விரல்

ஆண்டவருக்குள் அன்பான சகோதர சகோதரிகளே, இந்தச் சாட்சியில் என்னைப் பற்றிப் பெருமையாக ஒன்றும் வராது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன ஐப்பசியில், தீபாவளிக்கு முந்தின வாரம், என் தம்பி தானியேலிடமிருந்து போன் வருவது நின்றுவிட்டது. அவன் ராணுவத்தில் இருக்கிறான். ஆடி மாதம் அவனை அமைதிப்படையோடு ஆப்பிரிக்காவுக்கு அனுப்பினார்கள். ஒரு வருஷ டியூட்டி. தினமும் சாயங்காலம் நாலு மணிக்குக் கூப்பிட்டுவிடுவான். அந்த ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, "அக்கா, இங்க சுத்துவட்டாரத்துல சுட்டுக்கினு இருக்காங்க. போன் வரலன்னா பயப்படாதீங்க" என்றான். அதற்குப் பிறகு சத்தமே இல்லை. திங்கள் போனது, செவ்வாய் போனது. அவன் மனைவி சுகந்திக்கு எட்டு மாதம் முடியப்போகிற நேரம். கல்யாணமாகி ஆறு வருஷம் அழுது கேட்டு வாங்கின பிள்ளை. பயப்படாதே என்றால் பயம் போய்விடுமா?

நாங்கள் இருப்பது மலைமேல், வெள்ளிமலையில். அப்பா அம்மா சீக்கிரமே தவறிவிட்டதால் தம்பியை வளர்த்தது நான்தான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அங்கன்வாடியில் டீச்சர் வேலை. கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு கொடுப்பேன், எடை பார்ப்பேன், படம் போட்ட அட்டையைக் காட்டி எது ஆபத்து, எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று புத்தி சொல்வேன். புத்தி சொல்வதில் நான் கெட்டிக்காரி. ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கொஞ்சம் கடுப்போடுதான் சொல்வார்கள்.

எங்கள் சபையில் ஒருவருக்கு ஆபத்து என்றால் சங்கிலி உபவாசம் வைப்போம். ஒரு நாளைக்கு ஒரு வீடு என்று எழுதிச் சுவரில் ஒட்டிவிடுவோம். அந்த வீட்டார் அன்றைக்குச் சாப்பிடாமல் ஜெபிக்க வேண்டும். மறுநாள் அடுத்த வீடு எடுத்துக்கொள்ளும். தம்பிக்காக அந்தத் தாளை எழுதினது நான்தான். எங்கள் வீட்டுக்குப் புதன் கிழமை, வியாழக் கிழமை இரண்டையும் போட்டுக்கொண்டேன். என் பெயரை மட்டும்தான் எழுதினேன்.

சுகந்தி அதைப் பார்த்துவிட்டு வந்து நின்றாள்.

"ஏன் அண்ணி, எம் புருஷனுக்காவ நான் இருக்கக் கூடாதா?"

"வயித்துல புள்ளைய வச்சிக்கினு உனக்கு இன்னா உபவாசம்? கம்முனு சாப்புட்டுப் படு."

அவள் அழுதாள். அதோடு நான் விட்டிருக்க வேண்டும். ஆனால் பெண்டாட்டி ஜெபமும் சேர்ந்தால் பலம் ஜாஸ்தி என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு. "சரி, புதன் கிழமை மத்தியானம் வரைக்கும் மட்டும் இரு" என்று சொல்லிவிட்டேன். ஊரில் எந்தப் பெண்ணாவது வயிற்றுப் பிள்ளையோடு பட்டினி கிடந்தால் அவள் மாமியாரைக் கூப்பிட்டு வைத்துத் திட்டுகிற ஆள் நான்.

புதன் மத்தியானம் தலைவலி என்றாள். "உபவாசம்னா மொத நாளு தல வலிக்கத்தான் செய்யும்" என்றேன். வியாழன் காலையில் கண் முன்னால் பூச்சி பறக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். "தூக்கம் கம்மி, அதான்" என்றேன். முழங்காலில் இருந்து எழுந்திருக்கவே இல்லை நான். என் கண்ணும் காதும் ஆப்பிரிக்காவில் இருந்தன. ஆண்டவரே, அவன்மேல் கண்ணாயிரும், அவன்மேல் கண்ணாயிரும். இதே ஜெபம்தான் இரண்டு நாளும்.

வியாழன் நாலு மணிக்கு வழக்கம்போல சபை வாசல்படியில் போய் நின்றோம். எங்கள் பக்கத்தில் சிக்னல் கிடைக்கிறது அங்கேதான். போன் அடித்தது. வீடியோவில் தாடியும் மீசையுமாக என் தம்பி! நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஆடு மிரண்டு ஓடியது. "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று குதிக்கிறேன். அவன் சிரிக்கவே இல்லை. சுகந்தியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னா அவ மூஞ்சி இப்டி ஊதிக் கெடக்குது?"

"புள்ளத்தாச்சி மூஞ்சி வேற எப்டிடா இருக்கும்?"

"இல்லக்கா. அவ கைய காட்டச் சொல்லு. மோதரம் எங்க?"

கல்யாணத்தன்று பாஸ்டர் முன்னால் அவன் போட்ட மோதிரம். ஒரு நாளும் அதை அவள் கழற்றினது கிடையாது. சுகந்தி தயங்கித் தயங்கித் தாலிக்கொடியை வெளியே எடுத்தாள். அதில் ஊக்கு போட்டு மோதிரத்தை மாட்டி வைத்திருந்தாள். "வெரலு வீங்கிடுச்சி அண்ணி. திங்கக்கெழமையே சோப்பு போட்டுக் கழட்டிட்டன். உபவாச நேரத்துல சொன்னா நீங்க கவலப்படுவீங்கன்னு..."

முகம் வீங்கினால், கை வீங்கினால், தலை வலித்தால், கண் மங்கினால் உடனே ஆஸ்பத்திரி. என் அட்டையில் நாலாவது படம். மாதா மாதம் நான் வாய் வலிக்கச் சொல்லுகிற பாடம் அது. கடல் தாண்டி இருக்கிறவனுக்குத் தெரிந்தது, ஒரே வீட்டில் இருந்த எனக்குத் தெரியவில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடினோம். நர்சம்மா பிரஷர் பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார். முகம் மாறிவிட்டது. ஊசி போட்டு, "எந்நேரமும் வலிப்பு வரலாம் டீச்சர். ரெண்டு உசுருக்கும் ஆபத்து. கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரிக்குப் போய்டணும்" என்றார். ஆம்புலன்ஸ் வேறொரு பிரசவத்துக்குக் கீழே போயிருந்தது. ஜீப் பிடித்தோம். நர்சம்மாவும் கூட ஏறிக்கொண்டார்.

மழை. மலைப்பாதையில் பாதி தூரம் இறங்கியிருப்போம், ஒரு வளைவில் பெரிய மரம் குறுக்கே விழுந்து கிடந்தது. ஜீப் நின்றது.

அங்கே நான் ரோட்டிலேயே முட்டி போட்டேன். வாயில் ஜெபமே வரவில்லை. எத்தனை வருஷமாகச் சபையில் எல்லாருக்கும் முன்னால் நீட்டி முழக்கி ஜெபிக்கிறவள் நான்! "ஆண்டவரே, தப்பு என்னுது. அவனுக்காவ கேட்டுக் கேட்டு இவள உட்டுட்டன். என்ன இன்னா வேணா பண்ணு. இவள எடுத்துக்காத." அவ்வளவுதான் வந்தது.

மரத்துக்கு அந்தப் பக்கம் மேலே வந்த பஸ் ஒன்றும், மரவள்ளிக் கிழங்கு ஏற்ற வந்த காலி வேன் ஒன்றும் நின்றிருந்தன. பஸ்ஸில் வந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நர்சம்மா கத்தினார். அடுத்த நிமிஷம் பத்துப் பேர் இறங்கிவிட்டார்கள். ஒருவர் கொடுவாளால் கிளைகளை வெட்டி வழி செய்தார். ஒருவர் தன் வேட்டியை அவிழ்த்து இரண்டாக மடித்தார். அதில் சுகந்தியைப் படுக்க வைத்து, நனைந்த மரத்தின் மேல் கைக்குக் கை மாற்றி அந்தப் பக்கம் கொண்டுபோனார்கள். "மெதுவா, மெதுவா, வவுறு படாம" என்று ஆளுக்கு ஆள் சொல்லிக்கொண்டார்கள். நெற்றி நிறையத் திருநீறு பூசிய வேன்காரர் அந்தக் குறுகல் வளைவில் முன்னே பின்னே எடுத்து வண்டியைத் திருப்பி நிறுத்தியிருந்தார். எனக்கு அவர்கள் ஒருவர் பெயரும் தெரியாது. இன்றுவரைக்கும் தெரியாது.

வேனில் சுகந்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணி, திட்டாதீங்க. நேத்து மத்தியானத்துக்கு அப்பறமும் நான் எதுவும் சாப்புடல. நீங்க ஒருத்தரா கஷ்டப்படுறீங்கன்னு..."

திட்டவில்லை. திட்டுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை?

ஆஸ்பத்திரிக்குப் போனதும் ஆபரேஷன். பெண் பிள்ளை. ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. எத்தனையோ பிள்ளைகளை எடை போட்ட கை இது. அந்தப் பிள்ளையை ஒரு விரலால்தான் தொட்டது. வெளியே வந்தால் வேன்காரர் போகாமல் உட்கார்ந்திருக்கிறார். "இன்னா கொழந்தம்மா? ரெண்டு பேரும் நல்லா கீறாங்களா? நானும் எங்க சாமிய வேண்டிக்கினேதான் ஓட்டுனன்" என்றார். மற்ற நாளாக இருந்தால் அந்தப் பேச்சுக்கு நான் பதில் வைத்திருப்பேன். அன்றைக்குக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

பிள்ளை சூட்டுப் பெட்டியில் இருபது நாள் இருந்தது. சுகந்திக்கு மூன்று நாள் பார்வை மங்கலாகவே இருந்தது. நாலாம் நாள் காலையில் என்னைப் பார்த்து, "அண்ணி, தல சீவலியா?" என்றாள். அப்போதுதான் நான் வாய்விட்டு அழுதேன். எட்டாம் நாள் வீக்கம் வடிந்தது. அதுவரைக்கும் போனில் குரல் மட்டும் வந்த தம்பி, அன்றைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு வீடியோவில் கூப்பிட்டான். பிள்ளையின் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன், பார்க்கிறாயா என்று கேட்டேன். "இருக்கா. மொதல்ல அவள கைய காட்டச் சொல்லு" என்றான். சுகந்தி கையைத் தூக்கினாள். விரலில் மோதிரம் இருந்தது. யூனிபார்மோடு நின்று அவன் தேம்பித் தேம்பி அழுதான்.

அவன்மேல் கண்ணாயிரும் என்று கேட்டோம். அவனைக் காத்ததோடு அல்லாமல், அவன் கண்ணைக் கொண்டே எங்களைப் பார்த்தார். நான் கேட்க மறந்ததையும் சேர்த்துக் கொடுத்த தகப்பன் அவர்.

பிள்ளைக்குக் கிருபா என்று பெயர் வைத்திருக்கிறோம். இப்போது ஆறு மாதம். என் மோவாயைப் பிடித்துக் கிள்ளுகிறாள். தம்பி திரும்ப இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. பயம் போய்விட்டதா என்றால் போகவில்லை. சங்கிலி உபவாசத் தாள் இன்னும் சுவரில் இருக்கிறது. அதன் மேலே, கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள், நோயாளிகள் சாப்பிட்டுவிட்டு ஜெபிக்க வேண்டும் என்று பெரிதாக எழுதி என் கையெழுத்தைப் போட்டிருக்கிறேன். அங்கன்வாடியில் அட்டையை எடுப்பதற்கு முன்னால் ஒவ்வொருத்தி கையையும் பிடித்துப் பார்க்கிறேன்.

தூர தேசத்தில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அழுகிறவர்களே, நம்பிக் கேளுங்கள். அவருக்குத் தூரம் கிடையாது. கேட்டு முடித்து ஆமென் சொன்னதும் கண்ணைத் திறந்து, பக்கத்தில் முழங்காலில் இருப்பவரின் கையை ஒரு தரம் பாருங்கள்.