வேறு கடையில் வெட்டிக்கொண்ட முடி

கண்ணுகளா,

நேற்று மத்தியானம் அம்மணி போன் பண்ணி ஒன்று கேட்டாள். பெருந்துறையில் அவள் ஆரம்பித்திருக்கும் பியூட்டி பார்லரில் இரண்டு பெண்களை வேலைக்கு வைத்திருக்கிறாள் அல்லவா, தான் இல்லாத நேரத்தில் அவர்கள் என்ன செய்கிறார்களோ என்று அவளுக்குக் கவலை. "அப்பா, கேமரா மாட்டி போன்லயே பாத்துக்கலாமுங்களா?" என்றாள். யோசித்துச் சொல்கிறேன் கண்ணு என்று வைத்துவிட்டேன். யோசித்தால் பதில் வரவில்லை, பழைய கடைதான் வந்தது. தம்பி, நீயும் படி. உனக்கும் நாளைக்கு நாலு பேரை வைத்து வேலை வாங்க வேண்டி வரலாம். ஒன்பதாவதோடு நின்றவன் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போனை வைத்துவிட்டு முகம் கழுவிப் பவுடர் போட்டேன். அந்த வாசனைதான் இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். துடியலூரில் இருந்த நம் சலூனில் பவுடரும் படிகாரமும் ஈரத் துண்டும் கலந்த ஒரு வாசனை இருக்கும். வீட்டு வாசலில் கால் வைக்கும்போதே உங்கள் அம்மா, "அப்படியே குளிச்சுப்போட்டு ஊட்டுக்குள்ள வாங்க" என்பாள். நீங்கள் இரண்டு பேரும் அதற்குள் ஓடிவந்து மேலே ஏறிவிடுவீர்கள். பிறகு மூன்று பேரும் குளிக்க வேண்டும்.

கடையில் மூன்று சேர். ஒன்று எனக்கு, ஒன்று சேகருக்கு, நடுச் சேர் பழனிச்சாமிக்கு. சேகர் வாயாடி. அவன் சேரில் உட்கார்ந்தவர் சிரித்துக்கொண்டே இருப்பார், கிருதா ஒன்று ஏறி ஒன்று இறங்கியிருப்பதை வீட்டுக்குப் போய்த்தான் பார்ப்பார். பழனி கோபிக்காரன். நாளெல்லாம் சேர்த்துப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். கை மட்டும் அப்படி ஒரு கை. ஞாயிற்றுக்கிழமை மற்ற இரண்டு சேர் காலியாக இருந்தாலும், "பழனி வரட்டுங்க, நாங்க பேப்பர் படிக்கறோம்" என்று பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். முதலாளி நான் துண்டை உதறிக்கொண்டு நிற்பேன்.

முடி வெட்டுகிறவன் தன் தலையைத் தானே வெட்டிக்கொள்ள முடியாது பாருங்கள். செவ்வாய் விடுமுறை. அதனால் திங்கட்கிழமை மத்தியானம் ஆள் குறைந்ததும் நாங்கள் ஒருவருக்கொருவர் வெட்டிக்கொள்வோம். எனக்குப் பழனி, பழனிக்குச் சேகர், சேகருக்கு நான். பழனி கத்தியைத் தொண்டையில் வைத்தால் நான் தூங்கிவிடுவேன். சேகர் சத்தம் போடுவான்: "அண்ணா, குறட்ட உடாதீங்க, கத்தி எகிறிப்போடும்!" பழனி அவனைப் பார்த்து, "நீ சும்மா இரப்பா, தூங்கட்டும்" என்பான். அந்தப் பத்து வார்த்தையில் நாலு அதற்குப் போய்விடும்.

ஒரு நாள் பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் மெல்லக் கேட்டார். "ஏனுங்க, உங்க பழனிச்சாமி கவுண்டம்பாளையத்துப் புதுக் கடைக்குப் போறாருங்களா? அங்க நின்னு பேசிட்டு இருந்தாருங்களே?" அப்போது அங்கே ஏசி போட்டு ஒரு பெரிய சலூன் வந்திருந்தது. நான் சிரித்துச் சமாளித்துவிட்டேன். அவன் போனால் ஞாயிற்றுக்கிழமைப் பெஞ்சும் அவன் பின்னாலேயே போய்விடும்.

பழனி பக்கத்துச் சேரில்தான் நிற்கிறான். திரும்பி, "ஏம்பா, போறயா?" என்று கேட்டிருந்தால் முடிந்திருக்கும். கேட்கவில்லை. அவன் டீக்குப் போனால் எந்தப் பக்கம் போகிறான் என்று பார்த்தேன். போன் வந்தால் காதைத் தீட்டிக்கொண்டேன். கேமரா என்ன அம்மணி, பத்து நாள் நானே கேமராவாக நின்றேன்.

அந்தத் திங்கட்கிழமை பழனி துணியை உதறி, "வாங்கண்ணா" என்றான். தலை வலிக்கிறது என்று சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை, கோவை டவுன்ஹால் கடைவீதிக்குப் போய்ச் சாமான் வாங்கி வருகிறேன் என்று பொய் சொல்லிவிட்டுக் கவுண்டம்பாளையத்தில் இறங்கினேன். சும்மா நின்று விசாரித்தால் சந்தேகப்படுவார்களே என்று, வந்த ஆளைப் போலச் சேரில் உட்கார்ந்துவிட்டேன்.

வெட்டியவன் என்னை அறியாதவன். பின்னந்தலையில் சீப்பை ஓட்டிப் பார்த்து, "இதுக்கு முன்னால யாருங்க வெட்டுனது? நல்ல கையுங்க" என்றான். துடியலூரில் யாரோ என்றேன். அவனுக்குப் பேச்சு கிடைத்துவிட்டது. மெசினை ஒரு பக்கம் ஏற்றிக்கொண்டே சொன்னான்:

"துடியலூர்ல பழனிச்சாமின்னு ஒருத்தருங்க. எங்க ஓனரு ரெண்டு வாட்டி கூப்புட்டாரு. மனுசன் நேர்லயே வந்து மாட்டேனுட்டாருங்க. 'எங்கண்ணன் எங்கையில கழுத்தக் குடுத்துப்போட்டுத் தூங்கறவரு, உட்டுப்போட்டு வர முடியாதுங்க'ன்னாராம். நாங்கல்லாம் அதச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சோமுங்க."

அவனும் சிரித்தான். எதிரே கண்ணாடியில் பாதித் தலை வெட்டியும் பாதித் தலை வெட்டாமலும் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். எழுந்து ஓடவும் முடியாது. மீதியையும் வெட்டிக்கொண்டுதான் வந்தேன்.

மற்றவர்கள் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு மறைத்துவிடலாம். எங்கள் தொழிலில், அதைத் தலையிலேயே சுமந்துகொண்டு கடைக்குள் நுழைய வேண்டும். மறுநாள் காலையில் சேகர்தான் முதலில் பார்த்தான். "அடடா! டவுன்ஹால்ல முடியும் வெட்டறாங்களாண்ணா?" என்று சிரித்தான். பழனி சிரிக்கவில்லை. எனக்குப் பின்னால் வந்து நின்றான். பின்கழுத்தை மெசினால் சதுரமாகக் கோடு போட்டு நிறுத்துவது அந்தப் பெரிய கடை வழக்கம். எங்கள் பக்கம் வேறு யாரும் அப்படிச் செய்வதில்லை. அவன் பார்த்தது எனக்குப் பிடரியில் தெரிந்தது.

"கவுண்டம்பாளையமுங்களா?" என்றான்.

"ம்."

"நானும் ஒரு நாள் போயிருந்தனுங்க. நேரம் பாத்து உங்ககிட்டச் சொல்லலாம்னு இருந்தேன்." கொஞ்ச நேரம் சீப்பைத் துடைத்தான். "இனிச் சொல்றதுக்கு என்னங்க இருக்குது."

தப்புப் பண்ணிவிட்டேன் பழனி என்று ஒரு வார்த்தை. தொண்டை வரைக்கும் வந்தது. முதலாளி என்கிற நினைப்பு அதை அங்கேயே நிறுத்திவிட்டது. சேகர் எதிரில் எப்படிச் சொல்வது, நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினேன். நாளைக்கு என்றால் ஞாயிறு கூட்டம். அப்புறம் திங்கட்கிழமை. அன்றைக்குப் பழனி துணியை எடுக்கவில்லை. "இந்த வாரம் உங்களுக்கு வேண்டியதில்லீங்களே" என்று பேப்பரை விரித்துக்கொண்டான்.

அவன் சண்டை போடவில்லை. வேலையில் ஒரு குறை இல்லை. ஆனால் அதுவரை அண்ணா என்று கூப்பிட்டவன் "மொதலாளி" என்று கூப்பிட ஆரம்பித்தான். முன்பெல்லாம் தானாக டீக்குப் போய்வருவான். இப்போது வாசலில் நின்று, "அஞ்சு நிமிசத்துல டீ குடிச்சுப்போட்டு வாரனுங்க மொதலாளி, போலாமுங்களா?" என்பான். நம் ஊரில் மரியாதை குறைந்தால் கோபம் என்பார்கள். கூடினால் என்னவென்று எனக்கு அந்த வருடம் தெரிந்தது. என் தலை வளர்ந்த பிறகு திங்கட்கிழமைகளில் மறுபடியும் அவனே வெட்டினான், அதே கைதான். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நடித்தேன். அவனுக்கும் தெரிந்திருக்கும்.

ஒரு வருடம் கழித்துக் கோபியில் சொந்தமாகக் கடை போடப் போகிறேன் என்றான். ஒரு மாதம் முன்னாலேயே சொன்னான். தன் இடத்துக்கு ஆளும் அவனே பிடித்துக் கொடுத்தான். நல்லா இரு என்றேன். "சரிங்க மொதலாளி" என்றான்.

சேகர் திருப்பூர் பக்கம் போய்விட்டான். என் தோள்பட்டை தூக்க முடியாமல் போனதும் நானும் கடையைக் கொடுத்துவிட்டேன், இப்போது அங்கே செல்போன் விற்கிறார்கள். இப்போது நான் முடி வெட்டிக்கொள்ளப் போகிற கடையில் மாதம் ஒரு ஆள் மாறுகிறான். சுத்தமாகத்தான் வெட்டுகிறார்கள். அவர்களில் யாரையும் நான் திரும்பப் பார்த்ததில்லை. அம்மணி, கேமரா வை என்றோ வேண்டாம் என்றோ சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பெண்களிடம் கேட்க வேண்டியதை முதலில் கேட்டுவிடு.

இது உங்கள் அம்மாவுக்கும் தெரியாது. பழனி போன மறுநாள் செவ்வாய்க்கிழமை. ஷட்டரைப் பாதி தூக்கிக்கொண்டு நான் மட்டும் கடைக்குள் போனேன். அவன் நெட்டையான ஆள், முதுகு வலிக்கும் என்று சேரை உயரத்திலேயே ஏற்றி வைத்திருப்பான். புதிதாக வருகிறவர் குள்ளம். இறக்கி வைக்கலாம் என்று மிதியை அழுத்தினேன். ஆள் உட்கார்ந்திருந்தால் தானாக இறங்கிவிடும், காலிச் சேர் லேசில் இறங்காது. இரண்டு கையையும் இருக்கையில் ஊன்றி, உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டு, அது இறங்குகிற வரைக்கும் அமுக்கிக்கொண்டு நின்றேன்.