இரண்டு பெயர், ஒரே எண்

மேலகரத்தில் மாடக்கண்ணு வீடு எது என்று யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். "கம்ப்யூட்டர்காரனா? அந்தா, எப்பவும் கதவு சாத்திக் கெடக்கும்லா, அந்த வீடுதான்." சென்னைக் கம்பெனி ஒன்றின் யூனிக்ஸ் சர்வர்களை வீட்டில் இருந்தபடியே பார்த்துக்கொள்கிறான். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, கல்யாணம் அமையவில்லை. சாரல் காலத்தில் எங்கெங்கோ இருந்து சனங்கள் குற்றாலத்துக்கு வந்து குளிக்க, இவன் வீட்டில் வெந்நீர் போட்டுக் குளிப்பான். தனியாக அருவிக்குப் போனால் சட்டையையும் செல்போனையும் யாரிடம் கொடுத்துவிட்டுக் குளிப்பது?

அப்பாவைப் பெற்ற தாத்தாவின் பெயரைத்தான் இவனுக்கு வைத்தார்கள். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லலாமா? அதனால் அம்மா மாரித்தாய் கடைசிவரை இவனைத் "தொரை" என்றே கூப்பிட்டாள். போன ஐப்பசியில் அவள் கண்ணை மூடியதோடு, அப்படிக் கூப்பிட ஆள் இல்லாமல் போயிற்று. மிஞ்சியது, இவன் சென்னைக்குப் போயிருந்தபோது அவள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒரே ஒரு குரல் பதிவு. "தொரை, எங்கன இருக்கே? இங்கன சாரல் விழுது. சாப்ட்டியாலே?" போன் பழையது என்று அதைக் கம்ப்யூட்டருக்கு மாற்றி, போனில் இருந்ததை அழித்திருந்தான். மத்தியானச் சோற்றுக்கு அதுதான் துணை. முடிந்ததும் தானே மறுபடி தொடங்கும்படி ஓடவிட்டுவிடுவான்.

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பதிவு ஓடிக்கொண்டிருக்க, டிஸ்க்கில் இடமில்லை என்று வேண்டாததை அழிக்க உட்கார்ந்தான். அந்தப் பதிவு "அம்மா" ஃபோல்டரில் ஒரு பெயரிலும் "பாட்டு" ஃபோல்டரில் வேறு பெயரிலும் கிடந்தது. பாட்டு ஃபோல்டரில் இருந்ததை அழித்தான், அதுதான் அம்மா ஃபோல்டரில் இருக்கிறதே என்று. சோறு வடித்துவிட்டு வந்து அம்மா ஃபோல்டரில் இருந்ததையும் அழித்தான், அதுதான் பாட்டு ஃபோல்டரில் இருக்கிறதே என்று. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இது யானை தானே போய்க் குழியில் படுத்த கதை. அடுத்த நொடிதான் செய்தது உறைத்தது. குரல் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

ஃபோல்டர் என்பது பொருளை வைத்திருக்கும் பெட்டி அல்ல. அதில் இருப்பது பெயரும், பெயருக்கு நேரே ஓர் எண்ணும்தான். பொருள் கிடப்பது அந்த எண் காட்டும் இடத்தில். இவன் வைத்திருந்த இரண்டு பெயரும் காட்டியது ஒரே எண்ணைத்தான். அழிக்கும்போது போவது பெயர். கடைசிப் பெயர் போனபிறகும், ஏதாவது ஒரு புரோகிராம் திறந்து பிடித்திருக்கும்வரை பொருள் சாகாது. அம்மாவின் குரலை இப்போது பிடித்திருந்தது, அதை ஓடவிட்ட பிளேயர் மட்டுமே. கரண்ட் போனால் எல்லாம் போச்சு.

வெளியே காற்று தென்னையைப் பிடித்து உலுக்கியது. யூ.பி.எஸ். பேட்டரி வைகாசியிலேயே செத்திருந்தது. ட்யூப்லைட் மங்கி எரிந்தது. "மாரியாத்தா, ஒரு நிமிசம்" என்று கெஞ்சினான். பிளேயர் பிடித்திருக்கும் பொருளை அதன் வழியாகவே நகல் எடுக்கலாம் என்பது அவனுக்குத் தெரியும். ஆனாலும் அவசரத்தில் தப்புத்தப்பாக அடித்தான். ஒருவழியாக நகல் இறங்கியது. பிளேயரை மூடிவிட்டு நகலை ஓடவிட்டான். "தொரை" என்றாள்.

பெயர் இரண்டு இருந்தால் பொருளும் இரண்டு ஆகிவிடாது என்று பட்டுத் தெளிந்தாயிற்று. இன்னொரு நகல் இன்னொருவரிடம் இருக்க வேண்டும். அதுவரை யார் காதிலும் விழாமல் பொத்தி வைத்திருந்ததைக் கோயம்புத்தூரில் இருக்கும் அக்காளுக்கு அனுப்பினான். இவனுக்கு மட்டுமா அவள் அம்மா?

உடனே போன் வந்தது.

"அம்மா உன்னையத் தொரைன்னு கூப்பிடுதாலே."

"ஆமாக்கா."

"என்னைய மயிலுன்னு கூப்பிட்டது ஏதும் வச்சிருக்கியாலே?"

அக்காளுக்கு அப்பாவைப் பெற்ற ஆச்சியின் பெயர். மாமியார் பெயரையும்தான் அம்மா சொன்னதில்லை, மயிலு என்றே கூப்பிட்டாள். கோயம்புத்தூரில் மயிலு என்றால் யாருக்குத் தெரியும்? இத்தனை நாளும் இது தனக்குத் தோன்றவே இல்லையே என்று வெட்கமாக இருந்தது. இருந்ததை எல்லாம் தேடிப் பார்த்தான். எதிலும் இல்லை.

பேச்சு வந்த நாளில் இருந்து அவளை வெறுமனே அக்கா என்றுதான் கூப்பிட்டிருக்கிறான்.

"இல்ல, மயிலக்கா."

அந்தப் பக்கம் அவள் வாய்விட்டு அழுதாள்.