முட்டிக்கு மேல் தண்ணீர்

நீச்சல் வகுப்பில் நான் அழுதது தண்ணீருக்குப் பயந்து அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். பயந்தாங்கொள்ளி என்று பெயரெடுக்கவா போனேன்?

ஒரகடத்தில் கம்பெனிகள் எழும்பிக்கொண்டிருந்த காலம். லாரி லாரியாக மண் அள்ளியதில் எங்கள் ஊர் ஏரிக்குள் ஆளை விழுங்கும் பள்ளங்கள். நானோ நாள் முழுக்க ஏரியில் கிடப்பவள். ஒருநாள் அம்மா என் கையை இழுத்துத் தன் உச்சந்தலையில் வைத்துக்கொண்டாள்.

"முட்டிக்கு மேல தண்ணில எறங்க மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

"எறங்கினா?"

"என் தலை வெடிச்சிடும். அப்புறம் யாரு உனக்கு சோறு போடுவா?"

சத்தியம் செய்தேன். அடுத்த மாதமே எங்கள் இரண்டாம் வகுப்புக்கு நீச்சல் என்றார்கள். கம்பெனிக்காரர்கள் கட்டிக்கொடுத்த புதுப் பள்ளி, நீல ஓடு பதித்த குளம். படியில் முட்டிவரை இறங்கி நிற்பேன். அடுத்த படி என்றதும் ஊரைக் கூட்டுவேன். கம்பியைப் பிடித்த என் விரல்களை நீச்சல் மாஸ்டர் ஒவ்வொன்றாகப் பிரித்தால், அவர் கழுத்து விசிலைப் பிடித்துத் தொங்குவேன். காரணத்தை மட்டும் சொல்லமாட்டேன். சத்தியத்தை வெளியே சொன்னாலும் தலைக்கு ஆபத்து என்று நானாக ஒரு சட்டம் சேர்த்திருந்தேன்.

கடைசியில் அம்மாவுக்கு ஆள் அனுப்பினார்கள். கம்பெனி கட்டுமிடத்தில் அவள் சித்தாள். சேலைமேல் சட்டையும் கக்கத்தில் மஞ்சள் ஹெல்மெட்டுமாக நேரே வந்துவிட்டாள்.

"இன்னாடி, தண்ணியப் பாத்துக் கத்திக்கினு கீறியாமே? ஏரிய வுட்டு வெளிய வரமாட்டியே நீ!"

அவளிடமே சொல்வதில் தப்பில்லை என்று பட்டது. "எறங்கினா உன் தலை வெடிச்சிடும்மா."

மாஸ்டர் அம்மாவின் தலையைப் பார்த்தார்.

"அது ஏரிக்குத்தாண்டி. இதுக்கில்ல," என்றாள் அம்மா.

"தண்ணின்னுதானே சொன்ன?"

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "சரி, சத்தியம் வாபஸ். எறங்கு."

"ஹெல்மெட்டப் போட்டுக்கோ. அப்பதான்."

"செங்கல்லே வுழுந்தாலும் தாங்குது, உன் சத்தியத்தத் தாங்காதா?" என்று மாட்டிக்கொண்டு, பட்டையை இறுக்கி, குளத்தோரம் உட்கார்ந்தாள். பிள்ளைகள் சிரித்தார்கள்.

"சிரிக்கிறவங்க சிரிக்கட்டும், நீ எறங்கு. சூப்பர்வைசர் அரை மணி நேரந்தான் வுட்டுக்கீறாரு."

முட்டி, தொடை, இடுப்பு. ஒவ்வொரு படிக்கும் நின்று திரும்பிப் பார்த்தேன். பிறகு மூச்சைப் பிடித்து முழுகினேன். வெடிச்சத்தம் எதுவும் கேட்கவில்லை. மேலே வந்தால், அம்மா ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டிருக்கிறாள்.

"போட்டுக்கம்மா!" என்று அலறியதில் ஒரு வாய்த் தண்ணீர் உள்ளே போய்விட்டது.